பித்தக்குழாயின் பாதை எல்லோருக்கும் ஒன்றல்ல

வத்தலக்குண்டிலிருந்தும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் பித்தப்பைக் கல்லுக்காக வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்கேனில்தான் கல் தெரிந்துவிட்டதே, இன்னொரு படம் எதற்கு?" நியாயமான கேள்வி.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் நுண்ணிய குழாய்களின் வழியே வந்து, வலக்குழாய், இடக்குழாய் என இரண்டாகத் திரண்டு, பின்னர் ஒரே பொதுக்குழாயாகிச் சிறுகுடலை அடைகிறது. பழனிமலை ஓடைகள் சேர்ந்து மஞ்சளாறாகி வைகையில் கலப்பதைப் போன்றதே இது. பித்தப்பையின் குழாயும் வழியில் வந்து இணைகிறது.

பாடநூலில் வரையப்பட்டுள்ள இவ்வமைப்பு 100 பேரில் ஏறத்தாழ 60 பேருக்கே உள்ளது. மற்றவர்களுக்குப் பிறவியிலேயே கிளைகள் வேறிடத்தில் சேர்கின்றன. மிக அரிதாக, கல்லீரலின் வலப்பகுதிக் கிளை ஒன்று பித்தப்பையின் குழாயிலேயே வந்து சேரும். இவை நோயல்ல. பெரும்பாலோர் இதை அறியாமலே நலமாக வாழ்ந்து முடிக்கின்றனர்.

அறுவை சிகிச்சையின்போதுதான் இம்மாறுபாடு முக்கியமாகிறது. பித்தப்பையை அகற்ற அதன் குழாயைக் கிளிப்பிட்டு வெட்ட வேண்டும். அந்த இடத்தில் கல்லீரலின் கிளை ஒன்று இருப்பது தெரியாவிட்டால் அதுவும் வெட்டுப்படலாம். பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். பின்னாளில் குழாய் சுருங்கிக் காமாலையும் வரலாம். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். இன்று அது அன்றாட அறுவை. ஆயினும் 1000 பேரில் 3 முதல் 5 பேருக்குப் பித்தக்குழாய் காயமுறுகிறது. எண்ணிக்கை சிறிதுதான், காயமுற்றவருக்கோ அது பல மாதத் துன்பம்.

வயிற்று அல்ட்ராசவுண்ட் கல்லை நன்கு காட்டும். குழாய்கள் இணையும் விதத்தைத் தெளிவாகக் காட்டாது. அதைக் காட்டுவது எம்.ஆர்.சி.பி. என்னும் காந்தப் படம். எக்ஸ்ரே கதிர் இல்லை. பெரும்பாலும் ஊசியும் இல்லை. குழாயிலுள்ள பித்தநீரே வெண்மையாக ஒளிர்ந்து தன் பாதையைக் காட்டும். சில மணி நேரம் வெறும் வயிற்றுடன் வந்து, ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாது படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்கினால் போதும். உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகக் கருவியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இப்படம் தேவையில்லை. முன்பு காமாலை வந்திருந்தாலோ, கல்லீரல் இரத்தப் பரிசோதனை மாறியிருந்தாலோ, குழாய் விரிந்து தெரிந்தாலோ பரிந்துரைக்கிறோம். சிலரிடம் இப்படம் பிறவிக் குழாய்வீக்கத்தையும் வெளிப்படுத்தும். அது வேறு, பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் பெரும்பாலும் அகற்றப்பட வேண்டியது.

மாறுபாடு உள்ளதென்று அறிக்கை வந்தால் அஞ்ச வேண்டாம். அவ்வறிக்கையையும் படத்தையும் பத்திரப்படுத்தி, எந்த ஊரில் அறுவை செய்துகொண்டாலும் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். அறுவைக்குப் பின் கண் மஞ்சளானாலோ, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.