குடிப்பவர் வீட்டுத் தோழிக்கு

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் எழுதிய தேர்தல் விதிகள். மகாபாதகம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்கிறது அது. மது குடிப்பதும் சாஸ்திரப்படி மகாபாதகத்தில் சேர்த்திதான். குடித்தவனோடு வீட்டாரையும் ஒதுக்குவது அத்தனை பழைய வழக்கம் போலிருக்கிறது! இன்றைக்கும் புருஷன் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தால், மறுநாள் குழாயடியில் தலைகுனிந்து நிற்பவள் பெண்டாட்டிதானே?

குடி அடிமைத்தனம் ஒரு நோய். பணம், படிப்பு பார்த்து வருவதில்லை. மத்திய மந்திரியாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் 1979-ல் இளவயதிலேயே குடியால் இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஹேஸல்டன் என்ற சிகிச்சை நிலையத்தில் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. ஆஸ்பத்திரி. நோயாளியைப் போலவே குடும்பத்தாரையும் உட்கார்த்தி வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையில் ஒரு பங்கு. பட்டணத்தோடு நிற்காமல், மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டும் வைத்தியம் செய்தார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவ்வளவு பெரிய காரியம் நம்மால் முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரியாக நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு.

என் சிநேகிதி ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுவார். "நாளையிலேர்ந்து ரூம்ல போட்டுப் பூட்டிடறேங்க்கா, தானா விட்டுடுவாரு" என்றாள். பூட்டவே கூடாதம்மா! தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் கண்ணில் தெரிகிற பிதற்றல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற மருந்தும் அப்படித்தான். அதன் மேல் அவர் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று விபரீதமாகிவிடும். கடைசியில் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு பஸ் ஏறினார்கள். நானும் கூடப் போனேன். நான் செய்த பெரிய உதவி என்ன என்கிறீர்கள்? அவள் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் சோறு போட்டதும், சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்ததும்தான்.

இன்னொன்றும் சொன்னேன். வேலை செய்யும் இடத்துக்கு "அவருக்கு ஜுரம்" என்று பொய் சொல்லாதே. அவர் கடனை நகையை அடகு வைத்து அடைக்காதே. குடியின் விலை குடித்தவருக்கே தெரியட்டும். இது கல்நெஞ்சம் என்று அவள் மாமியார் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டுமே! அடி உதை வந்தால் மட்டும் பொறுத்துப் போகச் சொல்லவே கூடாது. பெண்களுக்கான 181-க்கு போன் செய்யுங்கள்.

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி குடித்தார். அழுதுகொண்டு வந்தாள். இந்த நோயில் இப்படித் திரும்புவது சகஜம். மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதுதான். போனார்கள்.

1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர், குடியை விட்ட சில மாதத்தில், வியாபாரம் தோற்றுத் தவித்தபோது இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போய்ப் பேசினார். பிறருக்கு உதவினால்தான் தான் குடிக்காமல் இருக்க முடியும் என்று கண்டுகொண்டார். 'ஏ.ஏ.' சங்கம் அப்படிப் பிறந்தது. அவர் மனைவி லோயிஸ் 1951-ல் குடும்பத்தாருக்கென்று 'அல்-அனான்' தொடங்கினார். இரண்டும் சென்னையில் கூடுகின்றன, கட்டணம் கிடையாது.

என் சிநேகிதி இப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போகிறாள். எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, எத்தனை மணிக்கு டாக்டர் வருவார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போக முடியாதவர்களுக்கு 14446 என்ற இலவச எண்ணை எழுதிக் கொடுக்கிறாள்.