சூடு எப்போது ஏறுகிறது?

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடிக்கு உர மூட்டையோ சிமென்டோ ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகள் இரண்டாம் கியரிலும் சில வளைவுகளில் முதல் கியரிலுமாக முனகிக்கொண்டே ஏறும். சமவெளியில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய வண்டிக்குக்கூட இங்கேதான் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். பானெட் ஓரத்தில் ஆவி கசியும். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தண்ணீர் கேனைத் தேடுவார்.

அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. அந்த மூடி குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பல வண்டிகளில் அது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அதனால் 120 டிகிரியில்கூட உள்ளிருக்கும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விட, அவ்வளவும் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தணிந்து, அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும்.

எஞ்சினில் எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்து வந்து காற்றில் விடுகிறது. வாட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்கிறது, ரேடியேட்டரும் ஃபேனும் ஆற்றுகின்றன. இதில் எது கைவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வாயைத் திறப்பார்.

“எப்பங்ணா ஹீட் ஏறுது?”

“மேடு ஏறுனாத்தான் தம்பி.”

“பைபாஸ்ல லோடோட போனா?”

“எம்பதுல போனாலும் முள்ளு மெதுவா மேல வருது.”

பாதி நோய் இங்கேயே பிடிபட்டுவிட்டது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டரில் மோதும். ஃபேன் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. அப்போதும் சூடு ஏறுகிறதென்றால் தண்ணீர் ஓட்டத்தில் தடை இருக்கலாம், அல்லது ரேடியேட்டரே அடைத்திருக்கலாம். மாறாக, நெரிசலில் நின்றால் மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீதும் பெல்ட் மீதும் போகும். விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், சூடான எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். பிடிப்பே இல்லாமல் காற்றாடி போலச் சுழன்றால் அதன் கிளட்ச் போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் எகிறினால் கதை வேறு: தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட வேண்டும். அதன் விளிம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டை நெருங்கும்போது உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து, வால்வு மெல்ல வாயைத் திறக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்காவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். பல பட்டறைகளில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, “இனிமே ஹீட்டே ஆகாது” என்று அனுப்பிவிடுகிறார்கள். இது தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் குழாயிலேயே சுற்றி, சூடு இன்னும் அதிகமாகும்.

ரேடியேட்டர் அடைப்புக்குப் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான் காரணம். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலவே உப்பு குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து, சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் உப்பும் துருவும் சேராது. கொதிநிலையும் சில டிகிரி உயரும். மலையில் இது இன்னும் முக்கியம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் வண்டி அந்த ஒரு டிகிரிக்கே திணறும். ஒரு மூடியை மாற்றிப் பார்க்காமல் வாட்டர் பம்ப் வரை மாற்றிச் செலவழித்தவர்கள் நிறைய.

முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. தண்ணீர் குறைந்து சென்சாருக்குக் கீழே போய்விட்டால், அது வெறும் ஆவியைத்தான் அளக்கும். சிவப்பில் நின்ற முள் சட்டென்று கீழே இறங்கும். சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து இன்னும் நாலு வளைவு ஏற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. வெளியே எங்கும் ஒழுகாமலே கூலன்ட் குறையும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும். ஆறிய எஞ்சினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரியும். அப்படியானால் ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, புது கேஸ்கெட் போட வேண்டும். ஒரு தலைமுடிப் பருமன் மேடுபள்ளம் இருந்தாலே அந்த இடத்தில் மறுபடி ஒழுகக்கூடும்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் ஊற்றிவிடக் கூடாது. அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும்.

புது கூலன்ட் ஊற்றியதும் ஏர் லாக் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் வாய் உயரமாக இருக்கும்படி வண்டியை லேசான மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்தே வைத்து ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்ததும் அடைபட்ட காற்று குபுக் குபுக்கென்று வெளியேறி மட்டம் இறங்கும். மறுபடி நிரப்பி, மூடி, அதே லோடோடு அதே மேட்டில் ஒரு முறை ஏற்றிப் பார்க்கிறார்கள். மறுநாள் காலை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, ரிசர்வ் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே கூலன்ட் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டி சாவி ஓட்டுநர் கைக்குப் போகும்.