பேறுகால வகுப்பில் கேட்டுப் பெற வேண்டியவை

கருவுற்ற தாய்மாருக்கான வகுப்பு என்றதும் பலருக்கு நினைவில் வருவன மூச்சுப் பயிற்சியும், பாய் விரித்துச் செய்யும் எளிய உடற்பயிற்சிகளுமே. அவை பயனுள்ளவை. ஆயினும், நள்ளிரவில் வயிறு இறுகி வலி எடுக்கும்போது, இப்போதே புறப்படுவதா, விடியும்வரை பொறுப்பதா என்னும் முடிவை வீட்டில் இருப்பவர்களே எடுக்க வேண்டியுள்ளது. அந்த வேளைக்குத் தேவையான தெளிவை முன்கூட்டியே அளிப்பதுதான் வகுப்பின் தலையாய பணி.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெறுவதாகக் காட்டுகிறது. ஆகவே, மருத்துவமனைக்கு வருவதா என்பது இன்று கேள்வியன்று. எப்போது வருவது, யாருடன் வருவது, வந்தபின் என்ன நடக்கும் என்பனவே கேள்விகள். தாய்க்கு ஆபத்தை விளைவிக்கும் தாமதங்களை மருத்துவ உலகம் மூன்றாகப் பிரிக்கிறது: முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றுள் முதல் இரண்டையும் குறைப்பது பெருமளவு குடும்பத்தின் கையில் உள்ளது.

வகுப்புக்கு யார் வர வேண்டும்?

நம் பகுதியில் வளைகாப்புக்குப் பின் தாய்வீடு செல்வது வழக்கம். இதனால் வகுப்புக்குக் கணவர் உடன் வருகிறார். வலி எடுக்கும் இரவில் அருகில் இருப்பவரோ தாயார் அல்லது அக்காள். கேட்டறிந்தவர் ஓரிடத்திலும் முடிவெடுப்பவர் வேறிடத்திலும் இருக்கும் நிலை இது. ஆகவே, பிரசவ நேரத்தில் உண்மையில் உடனிருக்கப் போகிறவர் யாரோ, அவரையும் ஒரு வகுப்புக்கேனும் அழைத்து வாருங்கள். மாமியாரோ தாயாரோ வருவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஐயங்களுக்கும் வகுப்பில் இடமுண்டு.

ஐந்தாம் அல்லது ஆறாம் மாதத்தில் தொடங்கி, தாய்வீடு செல்வதற்கு முன் வகுப்புகளை முடித்துக்கொள்வது நல்லது. வேறு ஊரில் பிரசவம் நடைபெறுவதாக இருந்தால், பரிசோதனைக் குறிப்புகள், ஸ்கேன் அறிக்கைகள், தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் ஆகிய அனைத்தையும் ஒரே உறையில் இட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும்.

எப்போது புறப்படுவது?

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். இதைச் சூட்டு வலி என்பர். ஓய்வெடுத்தாலோ சற்று நடந்தாலோ இது தணிந்துவிடும். ஒழுங்கான இடைவெளியும் இராது. உண்மையான பிரசவ வலியோ நேரம் செல்லச் செல்ல வலுக்கும், இடைவெளி குறையும், ஓய்வினால் தணியாது. முதல் பேறாக இருந்து, வேறு சிக்கல் எதுவும் இல்லையெனில், ஏறக்குறைய ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வலி வந்து, அது ஒரு மணி நேரம் தொடரும்போது புறப்படலாம். மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, இது இரண்டாம் பேறு என்றாலோ இன்னும் முன்னதாகவே வர வேண்டும். முன்பு அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பெற்றவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் வலி தொடங்கியதுமே வந்துவிட வேண்டும்.

பின்வருவனவற்றுள் எது நேர்ந்தாலும், வலி இல்லாவிடினும், உடனே வர வேண்டும்:

- பிறப்புறுப்பிலிருந்து இரத்தப்போக்கு
- பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுதல். நீர் பச்சை நிறமாக இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல்
- கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
- வலிப்பு, காய்ச்சல், மேல்வயிற்றில் கடும் வலி
- குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல்

இவற்றுள் கடைசியாகச் சொன்னதை மட்டும் பலர் பொறுத்துப் பார்க்கின்றனர். கடைசி மாதத்தில் இடமின்மையால் அசைவு குறைவது இயல்பே என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று, அசைவின் தன்மை மாறலாம், ஆனால் அது குறையக் கூடாது. இனிப்பு உண்டு பார்ப்போம், காலையில் பார்ப்போம் என்று காத்திராமல் அன்றே, அப்போதே வாருங்கள். பரிசோதனையில் எல்லாம் நலமென்று தெரிந்தால் வீண் அலைச்சல் என்று எங்களில் எவரும் எண்ணமாட்டோம். ஊர்தி இல்லையெனில் 108 எண்ணை அழையுங்கள்.

பிரசவ அறையில் துணை

வலியைக் காட்டிலும், அடுத்து என்ன நடக்குமோ என்ற அச்சமே பலரை வாட்டுகிறது. முதல் பேறு பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடும் என்று முன்பே அறிந்தவர், ஆறாம் மணியில் நம்பிக்கை இழப்பதில்லை. கருப்பைவாய் மெல்லத் திறக்கும் கட்டம், குழந்தை வெளிவரும் கட்டம், நஞ்சுக்கொடி வெளியேறும் கட்டம் என்ற மூன்றையும், ஒவ்வொன்றிலும் தாம் செய்ய வேண்டியதையும் வகுப்பில் கேட்டறியுங்கள். வலி தணிக்க என்னென்ன வழிகள் உள்ளன என்பதையும் அப்போதே கேளுங்கள். வலியின் நடுவே கேட்டு முடிவு செய்வது கடினம்.

தொடர்ந்து உடனிருக்கும் துணையின் பயன் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான மதிப்பாய்வு, அத்தகைய துணை பெற்றவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுவதையும், அறுவை சிகிச்சை குறைவதையும், வலி நேரம் சற்றே சுருங்குவதையும் காட்டியது. துணையாக வருபவர் மருத்துவம் அறிந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பை அழுத்தி நீவிவிடுதல், நீர் அருந்தச் செய்தல், எழுந்து நடக்கக் கைகொடுத்தல், மூச்சை மெல்ல வெளிவிட நினைவூட்டல் ஆகியவை போதும். இவற்றை வகுப்பிலேயே பழகிக்கொள்ளலாம்.

திட்டம் மாறும்போது

மேற்கூறிய தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடைபெறுகின்றன. ஆகவே, இயல்பான பிரசவத்தையே விரும்பும் பெற்றோரும் அறுவை சிகிச்சையைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம். எந்தக் காரணங்களுக்காக அது தேவைப்படும், மயக்க மருந்து எவ்வாறு தரப்படும், குழந்தையை எப்போது தாயிடம் தருவார்கள், எழுந்து நடப்பது எப்போது என்பனவற்றை முன்பே கேளுங்கள். அவசரமற்ற நிலையில் மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், ‘காரணம் என்ன, காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா’ என்று கேட்பது தங்கள் உரிமை. அறுவை சிகிச்சை தாயின் தோல்வியன்று. இதை உறவினர்களும் உணர்ந்திருத்தல் நலம்.

குழந்தை பிறந்த பின்

வகுப்பில் பிரசவ நாளைப் பற்றிய கேள்விகளே மிகுதியாக எழுகின்றன. வீட்டில் பெற்றோர் திகைப்பதோ அதற்குப் பிந்திய ஆறு வாரங்களில்தான். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் சீம்பால் அளவில் சிறிது. குழந்தையின் தேவைக்கு அதுவே போதும். சேனை தொட்டு வைப்பதாகத் தேனோ சர்க்கரை நீரோ கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிறைவதற்கு முன் தேன் தீங்கு விளைவிக்கக்கூடும். மூக்கில் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் கூடாது. இவற்றை மூத்தோரிடம் இளந்தாய் தனியே எடுத்துச் சொல்வது எளிதன்று. அவர்களும் வகுப்புக்கு வந்திருந்தால் அச்சுமை அவள்மீது விழாது.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சு வாங்குதல், உடல் சுடுதல் அல்லது குளிர்தல், உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல் ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு இருந்தால் உடனே வர வேண்டும்.

முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரங்களைத் தாண்டினாலோ, உறக்கமின்மையும் குழந்தைமீது பற்றின்மையும் தோன்றினாலோ, அது சிகிச்சையால் குணமாகும் நோய். உயிர்மீது வெறுப்புத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ‘பிள்ளை பெற்றவள் அழலாமா’ என்று அதட்டுவது நோயை மறைக்கவே செய்யும். 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த வகுப்புக்கு வருமுன், தாங்களும் தங்கள் துணையும் தனித்தனியே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வாருங்கள். பலர் முன் கேட்கக் கூச்சமாக இருந்தால், தாளைச் செவிலியரிடம் கொடுத்தால் போதும். பெயர் எழுத வேண்டியதில்லை.