காபி களைப்பைப் போக்குகிறதா, மறைக்கிறதா?

நார்த்தாமலைப் பகுதியில் உடலுழைப்புக்குப் பஞ்சமில்லை. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடமும் காவடியும் எடுத்து வெயிலில் நடப்போர் பலர். மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்தைக் காணப் பாறைச் சரிவில் ஏறுவோர் ஆண்டு முழுவதும் உண்டு. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்கள் இருக்கின்றனர். மருத்துவர் சொல்லியபடி நடைப்பயிற்சியைத் தொடங்கிய இதய நோயாளிகளும் அதே சாலையில்தான் நடக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தவறாமல் செய்யும் ஒன்று, ஒரு குவளை காபியோ தேநீரோ அருந்துவது. "அதைக் குடித்தால்தான் தெம்பு வருகிறது" என்பதை எங்கள் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது, யாருக்கு நன்மை தரும், யாருக்குத் தீங்காகக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நூறாண்டைக் கடந்த ஆய்வு

நீலகிரியின் தோடர் மக்களைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு மருத்துவருமாவார். அவரும் வெப்பர் என்பவரும் 1907இல் காஃபீன் தசை உழைப்பை எவ்வாறு மாற்றுகிறது என்ற ஆய்வை வெளியிட்டனர். விரலால் எடையை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவி ஒன்றை அவர்கள் பயன்படுத்தினர். காஃபீன் கலந்த பானம் எது, கலக்காத பானம் எது என்று குடிப்பவருக்கே தெரியாதவாறு சுவையை மறைத்துக் கொடுத்தனர். "குடித்துவிட்டோம், இனித் தெம்பு வரும்" என்ற நம்பிக்கையே ஓரளவு தெம்பைத் தந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த நம்பிக்கையை விலக்கிப் பார்த்தபோதும் காஃபீனின் விளைவு புலப்பட்டது.

1978இல் அமெரிக்காவின் பால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டில் குழுவினர் ஒன்பது மிதிவண்டி வீரர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு நடத்தினர். 330 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்ட நாளில் அவர்கள் சோர்ந்து நிறுத்தும்வரை சுமார் 90 நிமிடங்கள் மிதித்தனர். காஃபீன் இல்லாத நாளில் அது சுமார் 75 நிமிடங்களாக இருந்தது. காஃபீன் உடற்கொழுப்பைக் கூடுதலாக எரியச் செய்வதே காரணம் என்று அக்காலத்தில் கருதினர். பிற்கால ஆய்வுகள் முதன்மையான காரணம் மூளையில் இருப்பதாகக் காட்டின.

மூளையில் நடப்பது என்ன?

நாம் விழித்திருந்து உழைக்க உழைக்க, அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. அது நரம்பணுக்களின் ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது, "களைத்துவிட்டாய், ஓய்வெடு" என்ற செய்தி உருவாகிறது. காஃபீனின் வடிவம் அடினோசினைப் போன்றது. ஆகவே அது அதே ஏற்பிகளில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. பூட்டுக்குள் வேறொரு சாவி நுழைந்து நிற்பதால் உரிய சாவியைப் போட முடியாத நிலை இது. அடினோசின் குறையவில்லை, செய்திதான் போய்ச் சேரவில்லை. அதே வேகத்தில் ஓடினாலும் ஓட்டம் சற்று எளிதாகத் தோன்றுகிறது.

இங்கு மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காஃபீன் சத்து அன்று. சர்க்கரையும் பாலும் சேராத காபியில் ஆற்றல் ஏறக்குறைய இல்லை. உடலின் கையிருப்பைக் கூட்டாமல், இருப்பதைச் செலவிட நம்மைத் தூண்டுவதே அது செய்யும் வேலை.

ஓடும் இளைஞர்களுக்கு

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் காஃபீனைப் பயிற்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு உட்கொண்டால், நீடித்த உழைப்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை முன்னேற்றம் காணலாம் என ஆய்வுகள் சொல்கின்றன. அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த அளவு 180 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120, உடனடிக் காபியில் 50 முதல் 65, தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் உள்ளது. ஒரு நாளில் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றும் அவை அறிவுறுத்துகின்றன. கிலோவுக்கு 9 மில்லிகிராம் அளவுக்குப் போனால் பயன் கூடுவதில்லை. படபடப்பு, கைநடுக்கம், வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை ஆகியவையே கூடுகின்றன.

தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் கடக்க வேண்டும். அதில் 2 விழுக்காடு என்பது சுமார் 8 விநாடி. மாறாக, பயிற்சியே இல்லாதிருந்தவர்கள் 20 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சராசரியாக 15 முதல் 20 விழுக்காடு வரை உயர்ந்தது. இரண்டும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டவை அல்ல என்றாலும், எது அடித்தளம் என்பது விளங்கும். மேலும், உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலையில் குடித்த காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், மறுநாள் ஓட்டத்தில் கிடைக்கும் ஆதாயத்தைவிட இழப்பே மிகுதி.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004இல் காஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம் நாட்டு விதிகளின்படி காஃபீன் கலந்த பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதன்று என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கையில் அத்தகைய டப்பாவைக் கண்டால் பெற்றோர் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். தூய காஃபீன் தூளை எவரும் தொடவே வேண்டாம். அதில் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 28 குவளை காபிக்குச் சமம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. அது உயிரைப் பறிக்கும் அளவு.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

நலமாக உள்ள ஓட்டக்காரருக்குக் களைப்புச் செய்தி சற்றுத் தாமதமாவதால் பெரும்பாலும் கேடில்லை. இதய நோயாளிக்கோ அச்செய்தி ஒரு காவலாள். நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல், தலைசுற்றல் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் "காபி குடித்தால் சரியாகிவிடும்" என்று நடையைத் தொடர்வதே நாங்கள் அஞ்சும் ஆபத்து.

இதனால் காபியையே விட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு குவளை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. பழக்கமில்லாதவருக்குக் காபி சில மணி நேரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே அழுத்தம் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து காபி, தேநீர் அருந்த வேண்டாம்.

சில மருந்துகளுடன் காஃபீன் மோதும். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் காஃபீனின் நெருங்கிய உறவு. இரண்டும் சேர்ந்தால் படபடப்பு மிகும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, காஃபீன் உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். தைராக்ஸின் மாத்திரையை வெறும் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டும். கருவுற்ற பெண்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடினோசின் மருந்து செலுத்திச் செய்யப்படும் இதய ஸ்கேன் பரிசோதனைக்கு முன் 24 மணி நேரம் காபி, தேநீர், கோலா, சாக்லேட் கூடாது என்று சொல்கிறோம். அது வெறும் சம்பிரதாயம் அன்று. காஃபீன் ஏற்பிகளை அடைத்துக்கொண்டால் மருந்து வேலை செய்யாது. நோய் இருந்தும் இல்லாததுபோல் முடிவு வரக்கூடும். "ஒரு வாய்தானே" என்று குடித்திருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். பரிசோதனையைத் தள்ளிவைப்பது தவறான முடிவைவிட மேல்.

எப்படி நடப்பது, எப்போது நிறுத்துவது?

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான பயிற்சி. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்போருக்கு நாடித்துடிப்பு எளிதில் உயராது என்பதால், நாடியை எண்ணுவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள்.

பங்குனி, சித்திரையில் பாறை வெயிலை வாங்கித் திருப்பி வீசும். மலையேற விரும்புவோர் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுமாறு திட்டமிடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். விரதம் இருப்போர் வெறும் காபியை மட்டும் நம்பி நடக்க வேண்டாம். நீரிழிவு நோயாளிகள் விரதத்துக்கு முன்பே மாத்திரை, இன்சுலின் அளவைப் பற்றி எங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன் செல்லும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் ஏற்பட்டால் உடனே அமரவைத்து 108ஐ அழையுங்கள். வெயிலில் ஒருவர் தடுமாறிப் பொருந்தாமல் பேசினால் நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிவிடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அப்போதும் 108ஐ அழைக்கத் தாமதிக்காதீர்கள்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, உண்ணும் மருந்துகளின் பட்டியலோடு ஒரு நாளில் எத்தனை குவளை காபி, தேநீர் அருந்துகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கையும் மருத்துவத்துக்குத் தேவையான தகவலே.