வெபர் மேடையில் வெபர் இசைதான்

பாலே இல்லாத இசை நாடகத்துக்கு அன்றைய பாரிஸ் ஆபராவில் இடமில்லை. 1841இல் அங்கே மேடையேறவிருந்த 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' நாடகத்திலோ பாலே கிடையாது. அதை எழுதிய ஜெர்மானியர் வெபர் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. பொறுப்பேற்ற பெர்லியோஸிடம் அவருடைய சொந்த இசையையே சேர்க்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்: நாடகம் வெபருடையது, நடன இசையும் அவருடையதாகவே இருக்கட்டும்.

1819இல் வெபர் பியானோவுக்கென்றே எழுதிய வால்ட்ஸ், 'நடனத்துக்கு அழைப்பு', கைகொடுத்தது. அது டி ஃபிளாட் மேஜரில் அமைந்தது. வயலினின் நான்கு திறந்த தந்திகளில் ஒன்றுகூட அந்த ஸ்கேலில் வராது. பெர்லியோஸ் அரை ஸ்வரம் உயர்த்தி டி மேஜராக்கினார், நான்கும் பொருந்தின. நடனமாட அழைக்கும் ஆணின் குரலாக பியானோவின் கீழ் ஸ்தாயியில் ஒலித்த தொடக்கம் செல்லோவுக்குப் போனது.

1911இல் நிஜின்ஸ்கி ரோஜாவின் ஆவியாக ஆடிப் புகழ்பெற்றது இந்த ஆர்கெஸ்ட்ரா வடிவத்துக்குத்தான்.