எந்தச் சூட்டில் என்று கேளுங்கள்

அடையாறோ, தி.நகரோ, மயிலாப்பூரோ, பெட்ரோல் போட்டு பில் வாங்கினால் அதில் விலையோடு டென்சிட்டி என்று ஓர் எண்ணும் இருக்கும். 745, 750 என்று ஏதோ ஒன்று. நாம் தொகையை மட்டும் பார்த்துவிட்டு பில்லைக் கசக்கிப் போட்டுவிடுகிறோம். அந்த எண் எப்படி வருகிறது என்பதை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். டீ நல்ல சூடாக இருந்தால் கணக்கையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒப்படர்த்தியிலிருந்து தொடங்குவோம். ஒரு திரவத்தின் எடை, அதே கன அளவுள்ள தண்ணீரின் எடையைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் அது. எடையை எடையால் வகுப்பதால் கிராம், லிட்டர் எதுவும் ஒட்டாத வெறும் எண் கிடைக்கும். கல்லூரி ஆய்வகங்களில் இதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உண்டு; ஆர்.டி. பாட்டில் என்பார்கள். அதன் மூடிக்கு நடுவே மெல்லிய துளை ஒன்று ஓடும். குப்பியை நிரப்பி மூடியைச் செருகினால், மிகுந்தது துளை வழியே வழிந்துவிடும். துடைத்துவிட்டால், எதை ஊற்றினாலும் உள்ளே நிற்பது ஒரே கன அளவு. குப்பியின் சாமர்த்தியமெல்லாம் அந்தத் துளையில்தான்.

மூன்று முறை எடை போட வேண்டும். காலிக் குப்பி 20.00 கிராம், தண்ணீரோடு 45.00, உலர்த்திவிட்டு அசிட்டோன் நிரப்பினால் 39.65 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் 25 கிராம், அசிட்டோன் மட்டும் 19.65. வகுத்தால் 0.786. உள்ளே குமிழி நிற்கக் கூடாது. குப்பியின் வயிற்றைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடிக்க வேண்டும். கைச்சூடு பட்டாலே திரவம் விரிந்து துளை வழியே வெளியேறும். அசிட்டோன் என்றால் இன்னொரு தொல்லை, ஆவியாகிக்கொண்டே இருக்கும். எடை போடுவதில் நிதானம் பார்க்க முடியாது.

புத்தகத்தைத் திறந்தால் அசிட்டோனுக்கு 0.79 என்று இருக்கும், கொஞ்சம் விரிவான புத்தகம் 0.791 என்னும். உடனே மாணவர்கள் தங்கள் விடையைத் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். வேண்டியதில்லை. புத்தகத்தின் எண் 20 டிகிரிக்கு. நாம் போட்ட கணக்கு 27 டிகிரிக்கு. சென்னையில் ஏசி இல்லாத அறையில் 20 டிகிரி ஏது? அதனால்தான் இந்தியத் தர நிர்ணயங்கள் பலவற்றில் 27 டிகிரியை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு ஏற்ற, நியாயமான முடிவு. ஒப்படர்த்தி எழுதும்போது திரவம் எந்தச் சூட்டில், தண்ணீர் எந்தச் சூட்டில் என்று இரண்டையும் குறிக்காவிட்டால் அது பாதி விடைதான்.

குப்பியும் தராசும் ஆய்வகத்துக்குச் சரி. வேலை நடக்கிற இடத்தில் ஹைட்ரோமீட்டர்தான் கைகொடுக்கும். அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழல். திரவம் அடர்ந்திருந்தால் மேலே மிதக்கும், நீர்த்திருந்தால் அமிழும். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதல்லவா, அந்தத் தோல் தொழிலுக்கென்றே ஒரு ஹைட்ரோமீட்டர் உண்டு. பெயர் பார்க்கோமீட்டர். ஆவாரம் பட்டை, வேலம் பட்டை ஊறிய சாறு எவ்வளவு கெட்டி என்று அதில் பார்ப்பார்கள். ஒப்படர்த்தி 1.020 என்றால் அதன் அளவில் 20 டிகிரி. புள்ளிக்குப் பின் வரும் எண்களை முழு எண்ணாகப் படிக்கிற வசதி, அவ்வளவுதான். ஆனால் சாற்றில் கரைந்திருப்பது டானினா, உப்பா என்று அதற்குத் தெரியாது. எது கரைந்தாலும் எண் ஏறும்.

பெட்ரோலிலும் இதே கதைதான். பில்லில் உள்ள எண் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. ஆயிரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட ஒப்படர்த்தி. அது 15 டிகிரிக்கு மாற்றி எழுதிய எண். சென்னையில் 32 டிகிரி வெயிலில் அதே பெட்ரோலை ஜாடியில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 745-க்குப் பதில் 730 அளவில்தான் காட்டும். யாரும் எதையும் கலக்கவில்லை, சூட்டில் விரிந்திருக்கிறது. டேங்கர் கொண்டுவந்த சரக்கின் எண்ணிலிருந்து 3 வரைதான் கூடக் குறைய அனுமதி. வெயில் மட்டுமே 15-ஐ விழுங்கிவிடுகிறது. அதனால் வெப்பமானியையும் பார்த்து, மாற்று அட்டவணையைப் புரட்டி, 15 டிகிரி எண்ணைக் கண்டுபிடித்த பிறகே ஒப்பிட வேண்டும். அப்படிச் சரியாக வந்தாலும் கலப்படமே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஏறக்குறைய அதே அடர்த்தியுள்ள சரக்கைக் கலந்தால் ஹைட்ரோமீட்டருக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் டென்சிட்டி பார்த்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஜாடி, ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, அட்டவணை நான்கும் வரட்டும். வெப்பமானி இல்லாமல் காட்டுகிற எண்ணை வைத்து பங்க்காரரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம்.