தண்ணீர் இருந்தும் எரிந்த ஊர்

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையைப் பார்த்திருப்பீங்க. அவர்கள் நாட்டில் ஆம்ஸ்டர்டாம் என்று ஓர் ஊர். எங்கே திரும்பினாலும் கால்வாய். அப்படியும் 1652-ல் அந்த ஊர் நகர மண்டபமே எரிந்து போச்சு! ஏன்?

தண்ணி கால்வாயில், தீ மாடியில். நடுவில் ஆட்கள் வரிசையாக நின்று தோல் வாளியைக் கைமாற்றணும். பம்பு உண்டு, ஆனால் அதையும் வாளியால்தான் நிரப்பணும். தெருவில் நின்றபடியே பீய்ச்சும், பாதித் தண்ணி சுவரில்தான் அடிக்கும். போன கோடையில் எங்க தெருவில் கூரை வீடு பிடிச்சப்போ ஏரித் தண்ணி குடம் குடமா வருவதற்குள் எல்லாம் சாம்பல். ஏரி கூப்பிடு தூரம்தான்.

அந்த 1652 தீயைப் பார்த்தபோது யான் வான் டெர் ஹைடனுக்கு 15 வயசு. பிறகு பெரிய ஓவியரானார். 1672-ல் தன் சகோதரரோடு சேர்ந்து தோலைத் தைத்து நீளக் குழாய் செய்தார். பித்தளைத் திருகு வைத்து ஒன்றோடொன்று இணைக்கலாம். கால்வாயிலிருந்து பம்புக்கும் ஒரு குழாய் போட்டார். வாளி வரிசை தேவையில்லை. குழாயைப் பிடிச்சுக்கிட்டு படியேறி தீக்குப் பக்கத்திலேயே போகலாம்.

1690-ல் இதையெல்லாம் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களோடு புத்தகமாகப் போட்டார். ஒரு படத்தில் எரிகிற வீட்டையே வெட்டி உள்ளே காட்டியிருக்கார், நாம் செம்பருத்திப் பூவுக்கு நீள்வெட்டுத் தோற்றம் வரைவோமே, அது மாதிரி! ஓவியர் ஆச்சே.

தீயணைப்பு வண்டி வந்தால் கவனிங்க. குழாயைத் துண்டு துண்டாத்தான் இணைப்பாங்க. கூப்பிட 101.